உள்ளே போன காலடி

“உள்ளே என்னதான் இருக்குது, அம்மணி?”

“இருட்டு இருக்குதுங்கண்ணா.”

“அது எனக்கும் தெரியுது. இருட்டுக்கு அந்தப் பக்கம்?”

“இன்னும் கொஞ்சம் இருட்டு.”

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. வயசுக்கு மரியாதை கொடுத்து ஒரு பதில் சொன்னால் என்ன குறைந்தா போவாள்? நல்லாத்தாளுக்கு அவருடைய கடைசி மகள் வயதுதான் இருக்கும். அவளிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று ஊரே சிரித்தது.

சிரிக்கட்டும். கரட்டுக் குன்றின் மேலே இருக்கிற அந்தப் புடவுக்குள் போகவும் தெரிந்து, திரும்பி வரவும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

குகையை அந்தப் பக்கத்தில் புடவு என்பார்கள். அவளைப் புடவுக்காரி என்பார்கள். புடவு வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு ஆடுகளோடு இருந்தாள். உள்ளே போகவேண்டும் என்று யார் வந்து நின்றாலும் ஏன் என்று கேட்கமாட்டாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பாள்.

சென்னியப்பன் அங்கே வந்து சேர்ந்தது ஒரு வெள்ளாட்டால்.

காணாமற்போன ஆட்டைத் தேடி ஒருநாள் மத்தியானம் கரடு ஏறினார். பாறையில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு வாய். எட்டிப் பார்த்தார்.

உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் பட்டது. அசந்து தூங்குகிற மனுஷன் விடுகிற மூச்சு மாதிரி. நிதானமாக. ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை.

ஆடு சாயங்காலம் தானாக வீடு வந்து சேர்ந்தது.

சென்னியப்பன்தான் முழுசாக வந்து சேரவில்லை.

*

“இருட்டு எனக்குப் புதுசில்லை அம்மணி. கிணறு வெட்டிப் பொழைச்சவன். பாதி ஆயுசு குழிக்குள்ளேதான்.”

“கிணத்துக்குள்ளே நின்னு அண்ணாந்து பார்த்தா வானம் தெரியுமில்லீங்களா?”

“தெரியும். வட்டமா.”

“இங்கே தெரியாதுங்க.”

அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். எழுந்து ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் கூட்டிப்போனாள்.

அவள் போகிற விதமே தனி. முன்னால் அவள் நடப்பாள். இடுப்பில் ஒரு கூடை. கூடைக்குள் மண் அகல்கள். பாதை திரும்புகிற இடமெல்லாம் ஓர் அகலை வைத்து, இலுப்பெண்ணெய் விட்டு, திரி ஏற்றுவாள். திரும்பும்போது அவள் கடைசியில் வருவாள். ஒவ்வோர் அகலாக அணைத்து எடுத்துக்கொண்டே வருவாள். வாயால் ஊதமாட்டாள். விரலால் திரியைக் கிள்ளுவாள்.

அவள் கிள்ளக் கிள்ள, இருட்டு பின்னாலேயே நடந்து வரும்.

“எதுக்கு அம்மணி அணைக்கிறே? நாளைக்கும் வரத்தானே போறோம்? எரிஞ்சா எரியட்டுமே.”

“எரியற விளக்கை உள்ளே விட்டுட்டு வரக்கூடாதுங்கண்ணா.”

“எண்ணெய் வீணாப் போகும்னா?”

“விளக்கு எரிஞ்சா, பக்கத்திலே ஓர் ஆள் இருந்தாகணும்.”

“ஆள் இல்லாட்டி?”

“அதுவே தேடிக்கும்.”

சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

*

போகப் போக அவருக்கு உடம்பு லேசாயிற்று.

முதலில் முழங்காலால் தவழ்கிற ஒரு சந்து. பாறை முதுகை உரசும். மூச்சை வெளியே விட்டால்தான் தோள் நுழையும். அதைத் தாண்டினால் ஒரு பெரிய கூடம். கோயில் மண்டபத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி. எங்கேயோ ஒரு சொட்டுத் தண்ணீர் விழும். அடுத்த சொட்டு விழுமா என்று காது காத்துக்கொண்டே இருக்கும். காத்திருக்கும்போது வேறு எதுவும் நினைவுக்கு வராது. மகன்களின் பாகப்பிரிவினை வராது. முழங்கால் வலி வராது. தன் பெயர்கூட ஓர் அரை நொடி கழித்துத்தான் வரும்.

அந்த அரை நொடிக்காகத்தான் அவர் வந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் கூடத்தில் உட்காரவைத்து நல்லாத்தாள் விளக்கைக் கிள்ளிவிட்டாள்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். வெகுநேரம் போயிற்று.

“ஏதாச்சும் தெரியுதுங்களா?” இருட்டிலிருந்து அவள் குரல்.

“தெரியுது அம்மணி! என் கை தெரியுது. முகத்துக்கு நேரா நீட்டியிருக்கேன். அஞ்சு விரலும் தெரியுது.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“நல்லா. இதோ, அசைக்கிறேன் பாரு. அசையுது.”

தீக்குச்சி உரசினாள்.

சென்னியப்பனின் இரண்டு கைகளும் மடியில் கோத்துக் கிடந்தன.

வெயிலுக்கு வந்ததும் கேட்டார்.

“அப்போ நான் பார்த்தது யாரு கையி?”

“உங்க கைதானுங்க.”

“எங் கை மடியிலே இல்லே இருந்துச்சு?”

“அதுவும் உங்க கைதானுங்க,” என்றாள் நல்லாத்தாள். “மோர் குடிக்கிறீங்களா?”

*

கூடத்தின் கடைசியில் ஒரு குழி இருந்தது.

கல்லைப் போட்டால் சத்தம் வராது. அதனால் அதற்கு ஊமைக்குழி என்று பெயர். எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளப் போனவர்கள் வந்து சொல்லவில்லை. நல்லாத்தாள் அதன் விளிம்புவரை போவாள். விளிம்பில் ஓர் அகல் வைப்பாள். சற்று நேரம் நிற்பாள். திரும்பிவிடுவாள்.

“இதுக்குள்ளே இறங்கியிருக்கிறியா அம்மணி?”

“இல்லீங்க.”

“ஆசை இல்லியா?”

“இல்லாம இருக்குமாங்க?”

சென்னியப்பனுக்கு அதற்குமேல் வேறு நினைப்பே இல்லை. சோற்றைப் பிசைந்தால் குழி. கண்ணை மூடினால் குழி. கயிறு இருக்கிறது, கால் வைக்க இடுக்கு இருக்கிறது, ஊர் ஊராகக் கிணற்றிலெல்லாம் இறங்கி ஏறிய உடம்பு இருக்கிறது. இறங்கினால் என்ன?

“எப்போ என்னை இறக்குவே?”

“உங்களுக்குத் திரும்பி வரத் தெரிஞ்சதும்.”

“தினமும் திரும்பித்தானே வர்றேன்!”

அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் கூடையை அவர் கையில் கொடுத்தாள். “இன்னிக்கு நீங்க கடைசியிலே வாங்கண்ணா. நீங்களே அணைச்சுட்டு வாங்க.”

மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்ட மாதிரி இருந்தது அவருக்கு. அவள் முன்னால் போய்விட்டாள். ஊமைக்குழியின் விளிம்பில் குனிந்து முதல் அகலைக் கிள்ளப் போனார்.

குழிக்குள்ளிருந்து ஒரு காற்று வந்து மணிக்கட்டில் பட்டது. குளிர்ந்த காற்று இல்லை. வெதுவெதுப்பானது. வேலை செய்கிறவன் மூச்சு.

கை நின்றுவிட்டது.

கிணறு வெட்டுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழிக்குள் ஆள் இருக்கும்போது மேட்டிலே இருக்கிற விளக்கை அணைக்கமாட்டார்கள். அடைமழையானாலும் சாக்கைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றுவார்கள். சின்ன வயதிலிருந்து அந்தக் கட்டுப்பாட்டிலேயே வளர்ந்த கை அது. உள்ளே ஆள் இருக்கிறது என்று அதற்குத் தோன்றிவிட்டது. சென்னியப்பன் சொல்லியும் அது கேட்கவில்லை.

அகலை அப்படியே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“எல்லாம் அணைச்சாச்சுங்களா?”

“ஆச்சு.”

*

மறுநாள் விளிம்பில் அகல் இல்லை.

நல்லாத்தாள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஆழத்தில், வெகு ஆழத்தில், ஒரு செம்புள்ளி. மினுங்காமல் நின்று எரிந்தது.

அவள் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. அவராகவே சொன்னார். கையைச் சொன்னார், காற்றைச் சொன்னார், கட்டுப்பாட்டைச் சொன்னார்.

“தப்புத்தான். என்னைத் திட்டிப் போடு அம்மணி.”

“திட்டலாமுங்க,” என்றாள். “திட்டறதுக்கு நீங்க இங்கே இருக்கோணுமே.”

அதன் பிறகு அவரை அவள் உள்ளே விடவில்லை. கீழே அந்த விளக்கு அணையவே இல்லை என்று மட்டும் சொன்னாள்.

“வீட்டிலே இருங்கண்ணா. வீட்டுக்கார அக்காவோட சண்டை போடுங்க. வெயில்லே நில்லுங்க. வேர்க்கட்டும்.”

“எத்தனை நாளைக்கு?”

“வேர்க்கிற வரைக்கும்.”

சித்திரை வெயில் அது. கல் வெடிக்கிற வெயில். சென்னியப்பன் வாசலில் நின்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். புடவுச் சுவர் மாதிரி சில்லென்று இருந்தது.

*

ஒரு நாள் சாயங்காலம் அவர் மனைவி பாவாயி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரடு ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. கொட்டகை முன்னால் நின்று இடுப்பில் கைவைத்தாள்.

“அம்மணி, எம் புருசனை நீ உள்ளே கூட்டிட்டுப் போனே. இருக்கட்டும். இப்போ வெளியே கூட்டிட்டு வா.”

“இதோ உங்க பக்கத்திலேயே நிக்கிறாரேக்கா.”

“இதா? இது திங்குது, படுக்குது, சரிங்குது. கட்டிக்கிட்ட நாள்லேருந்து இந்த மனுசன் எம் பேச்சுக்குச் சரின்னு சொன்னதில்லை கண்ணு. சோத்திலே உப்பு இல்லேன்னு தட்டைத் தூக்கி எறிஞ்ச ஆளு. நேத்து வேணும்னே உப்பில்லாம ஆக்கிப் போட்டேன். நல்லா இருக்குதுங்கிறாரு!”

சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரியும் இருந்தது.

“தூக்கத்திலே உள்ளங்கையிலே எச்சில் துப்பித் தேய்ச்சுக்கறாரு. கடப்பாரை பிடிக்கிறவனாட்டம். விடிஞ்சு பார்த்தா பாதம் பூரா வெள்ளைச் சேறு. எங்க காடு தோட்டத்திலே ஏது கண்ணு வெள்ளைச் சேறு? எல்லாம் செவலை மண்ணு.”

நல்லாத்தாள் அவர் பாதத்தைப் பார்த்தாள். புடவுக் கூடத்துச் சேறு.

பாவாயியின் குரல் தணிந்தது. “சக்களத்தி ஒருத்தி இருந்தாக்கூட வீட்டு முன்னாலே போய் நின்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வந்திருப்பேன். இது பொந்து. பொந்தை நான் என்னன்னு கேக்கறது?”

“நான் எங்கேயும் போறதில்லை,” என்றார் சென்னியப்பன். “யாரோ போறாங்க. தினமும் அந்த விளக்குக்கு எண்ணெய் ஊத்தறது யாருன்னு நானே கண்டுபிடிக்கிறேன்.”

“எப்படிங்கண்ணா?”

“சாம்பல் குடு.”

நல்லாத்தாள் அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக் கொடுத்தாள். புடவு வாசலில், யார் நுழைந்தாலும் மிதித்தே ஆகவேண்டிய இடத்தில், கோலப்பொடி மாதிரி மெல்லிசாகப் பரப்பினார். அன்றைக்கு மூன்று பேரும் கொட்டகையிலேயே படுத்தார்கள். பாவாயி அவருடைய மணிக்கட்டைத் தன் முந்தானையோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“மாடு கட்டற முடிச்சு,” என்றாள். “அவுத்துட்டுப் போயிடுங்க பார்க்கலாம்.”

*

விடிந்தது. முடிச்சு முடிச்சாகவே இருந்தது. சென்னியப்பன் அவள் பக்கத்திலேயே கிடந்தார்.

அவர்தான் முதலில் வாசலுக்குப் போனார். கட்டின கட்டோடு பாவாயியும் பின்னாலேயே வந்தாள்.

சாம்பலில் காலடி இருந்தது.

வெறுங்கால். அகலமான பாதம். இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

சென்னியப்பன் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். வாலிபத்தில் ஒரு கிணற்றில் கல் உருண்டு விழுந்து போன விரல். அந்த இடத்தில் தோல் வழுவழுவென்று மூடியிருந்தது.

“ஐயோ,” என்றாள் பாவாயி.

“இரு. இரு புள்ளே.” அவர் சாம்பலைச் சுற்றி நடந்தார். ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் போய்ப் பார்த்தார். முந்தானை இழுக்க அவளும் கூடவே சுற்றினாள்.

காலடியெல்லாம் உள்நோக்கியே இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல்.

வெளியே வந்த அடி ஒன்றுகூட இல்லை.

ஓர் ஆடு கத்தியது.

பாவாயி அவர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள். “வலிக்குதுங்களா?”

“வலிக்குது.”

“எவ்வளவு?”

அவர் யோசித்தார். “யாருக்கோ வலிக்கிற மாதிரி.”

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். முந்தானையோடு அவர் கையும் போய் அவள் கன்னத்தில் பட்டது. கன்னம் ஈரமாக இருந்தது. அந்த ஈரம் மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

“அம்மணி,” என்றார். “அவன் இன்னும் உள்ளேதான் இருக்கான்.”

“ஆமாங்கண்ணா.”

“இப்படியே விட்டா?”

“விளக்குப் பக்கத்திலே அவர் இருந்துக்குவாரு. அக்கா பக்கத்திலே நீங்க இருந்துக்கலாம். எத்தனையோ வீட்டிலே அப்படி இருக்கறாங்க.”

பாவாயி முந்தானையை விலக்கினாள்.

“எனக்கு அப்படி வேண்டாம். எனக்கு முழு ஆளு வேணும். தட்டை எறியற ஆளு.”

*

கயிற்றை எடுத்துக்கொண்டு நல்லாத்தாளும் அவரும் உள்ளே போனார்கள். பாவாயி மணிக்கட்டு முடிச்சை அவிழ்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். கொட்டகை அடுப்பில் ஆக்கின சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். போகாதீங்க என்று சொல்லவில்லை. “சுடச்சுட இருக்கு,” என்று மட்டும் சொன்னாள்.

சந்து. கூடம். சொட்டுத் தண்ணீர்.

ஊமைக்குழிக்குக் கொஞ்சம் முன்னாலேயே சத்தம் கேட்டது.

ணங்.

ணங்.

பிறகு ஓர் இடைவெளி.

ணங். ணங்.

கல்லைப் போட்டாலும் சத்தம் வராத குழி அது. அதற்குள்ளிருந்து கடப்பாரை விழுகிற சத்தம் வந்தது.

சென்னியப்பன் நின்று காதைக் கொடுத்தார். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு கைப்பாடு உண்டு. சிலர் விடாமல் போடுவார்கள். சிலர் மூன்று போட்டு நிறுத்துவார்கள். இரண்டு போட்டு நிறுத்தி, உள்ளங்கையில் துப்பித் தேய்த்து, மறுபடி இரண்டு போடுகிற ஆள் அந்த வட்டாரத்தில் ஒருத்தர்தான்.

விளிம்பில் மண்டிபோட்டு எட்டிப் பார்த்தார். செம்புள்ளி முன்பைவிட ஆழத்துக்குப் போயிருந்தது.

“வெட்டிக்கிட்டே போறான் அம்மணி.”

“ஆமாங்க.”

“எதைத் தேடி?”

“நீங்கதான் சொல்லோணும்.”

சொல்லப் பார்த்தார். தண்ணீருக்காக வெட்டினதாகத்தான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்த நாளிலெல்லாம் ஊரே குலவை போடும். அவருக்கு மட்டும் ஏனோ சப்பென்று ஆகிவிடும். இனிமேல் கீழே போகமுடியாதே என்று இருக்கும். அதை நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது விளிம்பில் மண்டிபோட்டிருக்கும்போதுதான் அது தெரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

கயிற்றை வாங்கித் தன் இடுப்பில் கட்டினார்.

“நான் இறங்கறேன். இறங்கிப் போய் அவனைக் கூட்டிட்டு வர்றேன். நீ பிடிச்சுக்கோ.”

நல்லாத்தாள் கிட்டே வந்தாள். அவர் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள்.

“நீங்களும் இறங்கிட்டா கீழே ரெண்டு பேரு ஆயிடுவீங்க. மேலே யாருங்கண்ணா இருப்பாங்க?”

அவிழ்த்த நுனியைக் குழிக்குள் விட்டாள். கயிறு சரசரவென்று இறங்கிற்று. இறங்கிக்கொண்டே இருந்தது. மறுநுனியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“எங்கிட்ட எதுக்குக் குடுக்கறே? நீயே பிடி. எனக்குப் பழக்கமில்லை.”

“இத்தனை காலத்திலே ஒருக்காகூடவா பிடிச்சதில்லை?”

“இறங்கறது எப்பவும் நான்தான். மேலே நிக்க வேற ஆளுக இருந்தாங்க.”

“யாருங்க?”

அவர் வாயைத் திறந்தார். ஒரு பெயரும் வரவில்லை. கீழேயிருந்து அண்ணாந்தால் வட்டமாக வானம் தெரியும். வட்டத்தின் ஓரத்தில் ஒரு தலை தெரியும். வெயிலுக்கு எதிரே இருப்பதால் முகம் கறுப்பாக இருக்கும். எந்த ஊர்க் கிணறாக இருந்தாலும் அந்தத் தலை இருந்தது. மாசக்கணக்கில், வருசக்கணக்கில், அது யாரென்று அவர் பார்த்ததே இல்லை. அது நகரவில்லை என்பதால்தான் அவரால் ஆழத்தை மட்டும் நினைத்துக்கொண்டு இறங்க முடிந்தது. சாப்பாட்டு வேளைக்கு அதுதான் கூப்பிடும். இருட்டுகிற நேரத்துக்கு அதுதான் கூப்பிடும். கூப்பிடாவிட்டால் அவராக என்றைக்காவது ஏறியிருப்பாரா?

“எப்படிப் பிடிக்கிறது அம்மணி?”

நல்லாத்தாள் குனிந்து திரியைக் கிள்ளினாள்.

இருட்டு.

அவளுடைய காலடி கூடத்தைத் தாண்டிப் போவது கேட்டது. சந்துக்குள் அவள் சேலை உரசுவது கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ணங். ணங்.

அவர் கயிற்றை லேசாகச் சுண்டினார்.

ணங்.

இரண்டாவது அடி விழவில்லை.

தண்ணீர் சொட்டுகிற இடத்தில்கூடச் சொட்டு நின்றுவிட்டது போலிருந்தது. குழிக்குள்ளிருந்து வெதுவெதுப்பான மூச்சு ஒன்று மேலே வந்து அவர் முகத்தைத் தொட்டது. யாரோ கீழே அண்ணாந்து பார்க்கிறார்கள்.

கயிறு இறுகியது.

ஒரே இழுப்பு. உள்ளங்கைத் தோல் எரிந்தது. விளிம்புவரை சறுக்கிக்கொண்டு போனார். குதிகாலை ஒரு பாறை இடுக்கில் கொடுத்து நின்றார். கனம் முழுவதும் தோளில் ஏறிற்று. ஓர் ஆளின் கனம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்தக் கனம் மேலே வரவில்லை. கீழே இழுத்தது. வா என்று இழுத்தது. கையை விடாமல் கூடவே போய்விட்டால் போதும். முழங்கால் வலி இல்லை. பாகப்பிரிவினை இல்லை. பெயர் இல்லை. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. அதில் பொய் இல்லை. குதிகால் கொஞ்சம் தளர்ந்தது.

தோள்பட்டையிலிருந்து ஏதோ வழிந்து மார்பில் இறங்கிற்று.

வேர்வை.

அவர் குதிகாலை மறுபடி அழுத்தினார். குழிக்கு மேலே தலையை நீட்டினார். இருட்டில் தன் முகம் கீழே இருப்பவனுக்குக் கறுப்பாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

“ஏப்பா, சென்னியப்பா!”

குரல் சுற்றிச் சுற்றி இறங்கிற்று.

“போதும் வெட்டினது. ஏறி வா.”

ஒன்றும் அசையவில்லை.

“பாவாயி சோத்தை மடியிலே வெச்சுட்டு உட்கார்ந்திருக்கா. உப்பு போட்டாளோ என்னமோ. வந்து நீயே கேளு.”

கயிறு ஒரு சாண் தளர்ந்தது.

அந்தச் சாணை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.